வாத்துக்கு ஒயர் கிடையாது

ஃபூ... ஃபூ... ஃபூ.

அப்படித்தான் ஊத வேண்டும். டி.வி. கேம் கேசட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரே மூச்சில். எச்சில் தெறிக்கக் கூடாது. ஊதிவிட்டுப் பெட்டியில் சொருகினால் டி.வி. ஒரு தடவை இமைக்கும், அப்புறம் ஆட்டம் வரும். நீங்கள் மடியில் வைத்திருக்கிறீர்களே அந்தப் படக்கதைப் புத்தகம், அதில் முதல் பக்கத்தில் மஞ்சள் வானம் முழுக்க 'ஃபூ' என்று பெரிதாகப் போட்டிருக்கும். போட்டிருக்கிறதா? அது என் வாய்.

பயப்படாதீர்கள் அம்மா. நல்ல மனிதன்தான். திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன், நீங்கள் தலையை நிமிர்த்தாமல் படிக்கிறீர்கள். திருச்சி வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். எழுதினவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது படிக்கிறவர் அவனைப் பார்க்காமலே போனால் அது அவனுக்கு மரியாதையா, சொல்லுங்கள்.

என் பெயர் சகாயராஜ். உடற்பயிற்சி ஆசிரியர். 'தானாய்ப் பறக்கும் வாத்து' எழுதினது நான்தான். படம் மட்டும் ஜெசிந்தா, என் தங்கை. அட்டையில் என் பெயர் இல்லைதான். நானும் போனில் பார்த்தேன். அட்டை முழுக்க வாத்தைப் பரத்திவிட்டால் இரண்டு பெயருக்கு எங்கே இடம்? பதிப்பாளர்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பது?

நீங்களும் புத்தக வெளியீட்டு விழாவுக்கா? கையெழுத்து வாங்கவா? நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் எழும்பூரில்தான். நான் மேடையில் 'திரைக்குப் பின்னால்' என்று ஒரு சின்ன உரை வைத்திருக்கிறேன். முன்வரிசையில் உட்காருங்கள், அப்போதுதான் சரியாகக் கேட்கும். அழைப்பிதழா? கூடப் பிறந்தவனுக்கு யாராவது அழைப்பிதழ் அனுப்புவார்களா? ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் போனில் காட்டினான். போதாதா?

உரையை உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் பழக்கமாகும்.

முதலில் அந்த மஞ்சள் வானம். புத்தகமாவதற்கு முன்னால் வாரம் ஒரு பக்கம், வெள்ளிக்கிழமையானால் இணையத்தில் வரும், உங்களுக்குத் தெரியும். அதற்குக் கீழே வாசகர்கள் எழுதுவார்கள் பாருங்கள், அடடா. மஞ்சள் வானம் இழந்த குழந்தைப் பருவத்தின் நிறமாம். ஒருவர் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார், அடிக்குறிப்பு எல்லாம் போட்டு. உண்மை என்னவென்றால், எங்கள் வீட்டு டி.வி.யில் நீலம் செத்துப்போயிருந்தது. நீலம் போன டி.வி.யில் வெள்ளையும் வெளிர் நீலமும் மஞ்சளாகத்தான் வரும். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, மாசக் கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார். டி.வி.யின் இடது கன்னத்தில் ஒரு அறை விட்டால் நீலம் ஒரு நொடி வந்துவிட்டுப் போகும். ஏழாவது அத்தியாயத்தில் ஒரே ஒரு கட்டத்தில் வானம் நீலமாக இருக்கும், கவனித்தீர்களா? அது நான் விட்ட அறை. இழந்த குழந்தைப் பருவமாம்!

அடுத்தது அந்த வாத்து. இது யாருக்கும் தெரியாத விஷயம். மேடையில் சொன்னால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று வைத்திருக்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எட்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா டி.வி. கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக். முழுப் பரீட்சை லீவு. எங்கள் தெருவிலேயே அந்தப் பெட்டி எங்கள் வீட்டில்தான். நான் ஆடுவேன், இவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குண்ணே, எனக்குண்ணே" என்று உயிரை எடுப்பாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், ஒரு நிமிஷத்தில் ஆளைச் சாகடித்துவிடும். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "டேய் சகாயம், பாப்பாவையும் சேத்துக்க. இல்லன்னா பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்ருவேன்."

சேர்த்துக்கொண்டேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்தேன். ஒயரை மட்டும் பெட்டியில் மாட்டவில்லை. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் தொங்கவிட்டுவிட்டேன். அந்த ஆட்டத்தில் கீழே ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு ஓடுவான், அது நான். மேலே எப்போதாவது ஒரு வாத்து குறுக்கே பறந்து போகும். அதற்கும் ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, சும்மா அழகுக்கு வைத்தது. "அந்த வாத்துதான் நீ," என்றேன்.

கதை முடிந்தது. லீவு முழுக்க எனக்குத் தொந்தரவே இல்லை. அவள் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருப்பாள். வாத்து வந்ததும், "அண்ணே, பறக்குறேன் பாருண்ணே! பறக்குறேன்!" என்று குதிப்பாள். "நல்லாப் பற. என் வழியில வராத," என்பேன். இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு அந்த ஒயர் விஷயம் தெரியாது. எதற்குச் சொல்ல வேண்டும்? சந்தோஷமாக ஆடினாள், அது போதாதா?

இப்போது இந்தக் கதையைப் பாருங்கள். ஒரு வாத்து. அதை யாரோ மேலேயிருந்து பொத்தானை அமுக்கி ஓட்டுகிறார்கள் என்று ஆட்டத்துக்குள் இருக்கிற ஊரே நம்புகிறது. ஆனால் வாத்துக்கு ஒயரே கிடையாது, அது தானாகப் பறக்கிறது. ஒன்றும் தெரியாமலே ஒரு பெண் இப்படி ஒரு கதையைப் பிடித்திருக்கிறாள் என்றால் அது கற்பனை. எங்கள் குடும்பத்தில் கற்பனை கொஞ்சம் அதிகம். என் பக்கத்திலிருந்து வந்தது.

டீ சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா. தம்பி, ஒன்று போதும்.

எங்கே விட்டேன்? எப்படி எழுதினேன் என்பதற்கு வருகிறேன். ஜெசிந்தா சென்னையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வில் இந்த வாத்தை வரைந்து எங்கேயோ ஏற்றினாள். நாலு பேர் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நான் உடனே போன் போட்டேன். "ஜெசி, படம் பரவால்ல. ஆனா கதை இல்லாம எத்தன நாளைக்கு ஓட்டுவ? கதைய நான் பாத்துக்கிறேன். நீ கையை மட்டும் ஆட்டு," என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள். அப்புறம், "சரிண்ணே," என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசல் வேப்பமரத்தடியில் நின்று வாட்ஸ்அப்பில் கதையைப் பேசி அனுப்புவேன். சில நாள் அரை மணி நேரம்கூடப் பேசியிருக்கிறேன். சண்டைக் காட்சியில் எனக்கு மூச்சு வாங்கும். பூசைக்கு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவளிடமிருந்து ஒரே பதில். "சரிண்ணே." ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட 'இல்லை' என்று சொன்னதில்லை. அப்படி ஒரு மரியாதை. இந்தக் காலத்தில் யாரிடம் பார்க்க முடியும்?

வெள்ளிக்கிழமை பக்கம் வரும்போது அங்கங்கே சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். கேட்டால், "பக்க அளவுக்குத் தக்கன மாத்துனேன்ணே," என்பாள். வரைகிற கஷ்டம் வரைகிறவர்களுக்குத்தான் தெரியும். நான் அதில் தலையிட மாட்டேன்.

உதாரணத்துக்கு அக்கினி வீரன். என் முதல் யோசனையே அவன்தான். ஆறடி உயரம், நெருப்பு வாள், குதிரை. கதையின் நாயகனே அவன்தான், வாத்து அவனுடைய வளர்ப்புப் பிராணி. நான் வைத்த தலைப்பும் அதுதான், 'அக்கினி வீரன்'. அவள் என்ன செய்தாள் தெரியுமா? மூன்றாவது அத்தியாயத்தில் வாத்து ஒரு வீட்டு ஜன்னல் வழியாகப் போகும். அந்த வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். அவன்தான்! படத்துக்கு மாலை போட்டு, கீழே ஒரு சின்ன விளக்கும் ஏற்றி வைத்திருப்பாள். கதை முழுக்க வரவில்லை என்றால் என்ன, வந்த இடத்தில் எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறாள் பாருங்கள்.

ஏன் இருமுகிறீர்கள்? தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம் பத்துக்கை அசுரன். நெப்டியூன் கிரகத்திலிருந்து வருகிறான், பத்துக் கையிலும் பத்து ஆயுதம், உலகத்தை அழிக்கப் பார்க்கிறான். பெரிய வில்லன் வேண்டாமா ஒரு கதைக்கு? அவனை அவள் டீக்கடையில் வைத்துவிட்டாள். பத்துக் கையாலும் பத்து டீ ஆற்றுகிறான். எனக்கு வந்ததே கோபம். உலகத்தை அழிக்க வந்தவனைச் சீனி தூக்கலா, கம்மியா என்று கேட்க வைத்தால் எப்படி? ஆனால் வாசகர்கள் அந்த டீ மாஸ்டர் மீது பைத்தியமாகிவிட்டார்கள். பனியனில் எல்லாம் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். போன் போட்டு அவளிடம் சொன்னேன். அந்தப் பாத்திரம் ஜெயிக்கும் என்று நான்தானே சொன்னேன்?

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். இன்னொன்று கேளுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு நீதி வர வேண்டும் என்றேன். 'அதிகாலை எழுந்தால் ஆரோக்கியம்', 'மூத்தோர் சொல் கேட்டால் முன்னேற்றம்', இந்த மாதிரி என் சொந்தச் சரக்கு. பிள்ளைகள் படிக்கிறார்கள் அல்லவா. போடவே இல்லையே என்று கேட்டேன். "போட்ருக்கேண்ணே, பெருசாக்கிப் பாரு," என்றாள். பார்த்தேன். டீக்கடையில் வடை மடித்துக் கொடுக்கிற காகிதத்தில் எழுதியிருந்தாள். எண்ணெய் பட்டுப் பாதி எழுத்துத் தெரியவில்லை. இருந்தாலும் வந்திருக்கிறதே. தேடிப் பார்க்கிறவனுக்குத்தான் நீதி கிடைக்கும். அதுவும் ஒரு நீதிதான், இல்லையா?

பாட்டு ஒன்று வேண்டும் என்றும் கேட்டேன். படக்கதையில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று நீங்களும் அவளைப் போலவே கேட்காதீர்கள். சூடான கட்டத்தில் பாட்டு வந்தால் நன்றாயிருக்கும், அவ்வளவுதான் சொன்னேன். அவள் ஒரு பக்கம் முழுக்க மழையை மட்டும் வரைந்து வைத்தாள். ஒரு வார்த்தை கிடையாது. அதைத்தான் ஊரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது.

ஆனால் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு பாத்திரம் உண்டு. நான் சொல்லாமல் அவளாகவே நுழைத்தது. தளபதி தகரம்.

தெரியுமா உங்களுக்கு? உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமா? என்ன பிடிக்கிறதோ. தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு ஆள். தரையில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்து வாத்துக்குக் கட்டளை போடுவான். "இடது! வலது! மேலே!" வாத்து அவன் சொல்வதைக் கேட்காது, கேட்கவும் முடியாது, அது எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. தற்செயலாக அது இடது பக்கம் திரும்பிவிட்டால் போதும், இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தானே சொன்னேன்!" என்பான். ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. கழுத்தில் விசில் வேறு. தளபதிக்கு எதற்கு விசில்? அவளிடமே கேட்டேன். விசில் பற்றி எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாகக் கழுத்தில் தொங்குகிறது. "ஜெசி, இந்த ஆளைத் தூக்கிரு. உலகத்துல எவனும் இப்பிடி இருக்க மாட்டான். நம்புற மாதிரியே இல்ல," என்றேன்.

"சரிண்ணே," என்றாள். தூக்கவில்லை. வாசகர்கள் விடவில்லையாம். நான் கைவிடச் சொல்லியும் அவள் கைவிடாத ஒரே யோசனை அதுதான். இன்றைக்கு மேடையில் அதையும் சொல்லப் போகிறேன்.

விருத்தாசலம் தாண்டிவிட்டதா? ஜன்னல் கம்பி சுடுகிறது, கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். எல்லோரும் கேட்கிறார்கள், ஏன் நின்றது என்று. என்னைக் கேட்டா நிறுத்தினாள்? அதுதான் என் வருத்தமே. ஐந்து வருஷம் கதை சொன்னவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. சர்க்கரை, அப்புறம் சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். எந்த டாக்டர், எந்த வார்டு, யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது, எல்லாம் என் கையில். ஜெசிந்தா சாயங்காலமானால் போன் போடுவாள். "வரட்டுமாண்ணே?" "நீ வந்து ஊசி போடப் போறியா? நான் பாத்துக்கிறேன். வாசகர்கள் காத்திருப்பாங்க, நீ பக்கத்த வரை." "அம்மாட்ட குடுண்ணே." "அம்மா தூங்குது."

தூங்கவில்லைதான். ஆனால் மகளின் குரலைக் கேட்டால் அழுவாள், அழுதால் மூச்சு வாங்கும். எது நல்லது என்று பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தானே தெரியும். அம்மா கண்ணை மூடிக்கொண்டே கேட்பாள், "பாப்பா வந்துருச்சாடா?" "வருவா, வருவா," என்பேன். வரச் சொல்லத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் தேறட்டும், பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒழுங்காக, திட்டமாகத்தான் நடத்தினேன். என்ன செய்வது, உடம்பு திட்டத்தைக் கேட்கவில்லை.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டாள். அதுவும் நான் பங்குச்சாமியாரிடம் சொல்லி அடக்கத்தை நிறுத்தி வைத்ததால்தான். அதற்கு ஒரு நன்றி? கிடையாது. வந்தாள், பார்த்தாள், ஒரு சொட்டு அழவில்லை. மறுநாள் பரணிலிருந்து அந்தப் பழைய அட்டைப்பெட்டியை இறக்கி, இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இத எடுத்துக்கிறட்டுமாண்ணே?" என்றாள். "அது எதுக்கு, ஒண்ணுக்கும் ஆகாது," என்றேன். திரும்ப வைத்துவிட்டாள். அன்றைக்கே ரயிலேறிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வந்தது. உங்கள் புத்தகத்திலும் அதுதான் கடைசிப் பக்கமாக இருக்கும். மஞ்சள் வானம். வாத்து இல்லை. கீழே தளபதி தகரம் அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். வாயிலிருந்து பேச்சு பலூன் பெரிதாகக் கிளம்பியிருக்கிறது. உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை.

இதற்கும் எழுதினார்கள் அம்மா, பக்கம் பக்கமாக. வெறுமையாம். அதிகாரம் மௌனமாகிற தருணமாம். படித்து அழுததாக ஒரு பெண் எழுதியிருந்தாள். நீங்களுமா? உண்மையைச் சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அது எழுத்து விட்டுப்போனது. வேறொன்றுமில்லை. துக்க வீட்டிலிருந்து போன பெண், மறந்திருப்பாள். நான்தான் உடனே பார்த்துவிட்டு அனுப்பினேன், "ஜெசி, பலூன்ல எழுத்த விட்டுட்ட." பதில் வந்தது, "ஆமாண்ணே."

சரிசெய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை. அதற்கப்புறம் பக்கமும் வரவில்லை. நான் விடவில்லை. இன்னமும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதே வேப்பமரத்தடியில் நின்று பேசி அனுப்புகிறேன். வாத்து திரும்பி வருகிற மாதிரி ஒரு கதை வைத்திருக்கிறேன், அருமையான கதை. ஒற்றை டிக்தான் விழுகிறது. இரண்டாவது டிக் விழுவதில்லை. சென்னையில் டவர் சரியில்லை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

ஒரு உதவி செய்யுங்கள். என் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். புத்தகத்தின் கடைசியில் 'கைவிட்ட யோசனைகள்' என்று ஒரு பகுதி இருப்பதாக விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எல்லாம் என் சரக்குதான். என் பெயர் அங்கே வந்திருக்கும். வாசித்துக் காட்டுங்கள், அதில் இருப்பதையே மேடையில் திருப்பிச் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு பக்கமா? நன்றாகப் பாருங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கினி வீரன் இல்லையா? பத்துக்கை? நீதி? ஒன்றுமே இல்லையா?

சரி, இருப்பதை வாசியுங்கள். படம் என்ன? பென்சில் கோடுதானா. ஒரு டி.வி. முன்னால் ஒரு பையன், ஒரு சின்னப் பெண். சரி. அவள் கையில் ஜாய்ஸ்டிக். ஒயர்... ஒயர் எங்கே போகிறது? ஸ்டாண்டுக்குப் பின்னால் தொங்குகிறதா?

கீழே எழுதியிருப்பதை வாசியுங்கள்.

இன்னொரு தடவை வாசியுங்கள் அம்மா. மெதுவாக.

"ஒயர் மாட்டலன்னு வாத்துக்கு மொத நாளே தெரியும். அப்பிடி ஒரு பக்கம் யோசிச்சேன், வரையல. தெரியும்னு சொன்னா அண்ணன் பக்கத்துல உக்கார விடாது."

அவ்வளவுதானா? அதற்குக் கீழே? ஒன்றுமில்லையா?

முதல் நாளேவா?

அது எப்படி? தெரிந்தவள் எதற்கு அப்படிக் கத்துவாள்? லீவு முழுக்க, தொண்டை கட்டுகிற அளவுக்கு. வாத்து வரும் நேரம் பார்த்து, விரல் சிவக்க அமுக்குவாள். "பறக்குறேண்ணே, பாருண்ணே" என்று என் முகத்தைத்தான் பார்ப்பாள். டி.வி.யைப் பார்க்க மாட்டாள், இப்போது நினைத்தால்... ஆமாம், என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வேன், "நல்லா அமுக்குனாப் பறக்கும்னு நான்தானே சொன்..."

இதற்கு ஏன் நீங்கள் சிரிக்கவில்லை? இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதானே வந்தீர்கள்.

சின்ன வயசு ஞாபகம் குழம்பும். அவள் பின்னால் யோசித்து எழுதியிருப்பாள். எழுதுகிறவர்கள் அப்படித்தான். எழுதுகிறவர்கள் என்று அவளைச் சொன்னேன். சொல்லலாம், தப்பில்லை.

அந்த "சரிண்ணே" எல்லாம்... விடுங்கள். டீ ஆறிப்போய்விட்டது.

ஏரி தெரிகிறது பாருங்கள், செங்கல்பட்டு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான். உங்களுக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும், சீக்கிரமே போய்விடுங்கள். நானா? நான் பின்னால் எங்கேயாவது உட்கார்ந்துகொள்கிறேன். பின்னாலும் நாற்காலி போட்டிருப்பார்கள். மேடையில் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், நேரமும் இருக்காது.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். மேடையில் காட்டலாம் என்று கொண்டுவந்தேன். இதுதான் அது, இரண்டாவது ஜாய்ஸ்டிக். பொத்தானைப் பாருங்கள், எழுத்தெல்லாம் அழிந்துபோய்விட்டது. அந்த விரல்தான் அழித்தது. பிளக்கைப் பாருங்கள், கடையில் வாங்கின மாதிரி அப்படியே பளபளவென்று இருக்கிறது. கையெழுத்து வாங்கும்போது அவள் மேஜையில் வைத்துவிடுங்கள். யார் கொடுத்தது என்று கேட்க மாட்டாள். கேட்டாலும் சொல்ல வேண்டாம். எடுத்துக்கொள்ளட்டும்.

ஸ்டேஷனுக்கு வருவாளா என்றா கேட்டீர்கள்? இல்லை அம்மா. பெரம்பூரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். குழந்தைகளுக்கு ஆட்டம் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. அம்மாவைப் புதைத்த அந்த வாரத்துக்கு அப்புறம் என்னோடு பேசுவதில்லை. மூன்று வருஷம் ஆகிறது.